காந்த மெத்தை மோட்டார்

செப்டம்பர் 8, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் கொடுத்தது. வருடா வருடம் ஆண்களுக்கு டைரி, பெண்களுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு. மைசூர்பாகு அன்றைக்கே தீர்ந்துவிடும். டைரி எட்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடக்கிறது. இன்று முதல் இது என்னுடையது.

காரணம் இருக்கிறது. கணபதியில் இருக்கும் சிவசெல்வி பம்ப்ஸில் பத்தொன்பது வருடம் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றினவள் நான், துளசிமணி. நான் சுற்றிய காயில் எரிந்து திரும்பி வந்ததென்று ஒருவர் சொல்லட்டும், காதை அறுத்துக் கொடுக்கிறேன். போன வருடம் காயில் சுற்ற ஒரு மெஷின் வாங்கி, எங்களில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி அதே கம்பெனியில் பிட்டர். மோட்டாரைப் பூட்டுகிறவர். அவர் வேலை போகவில்லை. பூட்டுவதற்கு இன்னும் மெஷின் வரவில்லை.

இப்போது சர்வீஸ் பிரிவில் ஒரு மேஜை காலி. பழுதாகி வரும் மோட்டாரைக் கழற்றி, என்ன கோளாறென்று கண்டுபிடித்து, சரிசெய்து பூட்டி, சீட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை. காலையில் நேரே முதலாளி தண்டபாணி முன்னால் போய் நின்றேன்.

"அம்மிணி, காயில் நல்லா சுத்துவீங்க, நான் இல்லைங்கல. ஆனா இது முழு மோட்டாரும் தெரிஞ்சவங்க வேலை. பொம்பளைங்க இதுவரைக்கும் மோட்டார் பூட்டுனதே இல்லையே."

"பூட்ட விட்டிருந்தாத்தானேங்க பூட்டியிருப்போம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மேனேஜரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரி, இப்படிப் பண்ணுங்க. கம்பெனிச் சாமான் ஒண்ணும் தொடாம, கடையில மோட்டார் வாங்காம, ஊட்டுல கெடக்கற சாமானை வெச்சு நீங்களே ஒரு மோட்டார் பண்ணிக் கொண்டாங்க. ஒரு மணி நேரம் நிக்காம தண்ணி ஏத்தோணும். அக்டோபர் பத்து வரைக்கும் அந்த மேஜை உங்களுக்காகக் காலியா இருக்கும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவர் முடிப்பதற்குள் நான் "சரிங்க" என்றுவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டில் தேடியதில் கிடைத்தவை: போன பொங்கலுக்கு எரிந்த மிக்ஸி. பிரிட்ஜுக்கு வைத்திருந்த பழைய ஸ்டெபிலைசர். போர் போட்டபோது மிச்சமான இரண்டரை அங்குல இரும்பு பைப் ஒரு துண்டு. செத்துப்போன வாஷிங் மெஷினில் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் குட்டிப் பம்ப். அதன் கூடும் இறக்கையும் மட்டும் போதும்.

மோட்டார் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. நடுவில் சுற்றுகிற காயில், அதைச் சுற்றிக் காந்தம். ஒரு பக்கம் முழுக்க வடக்கு முகம் காட்ட வேண்டும், எதிர்ப்பக்கம் முழுக்கத் தெற்கு முகம். காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும், சுற்றிவிடும். மிக்ஸியின் ஆர்மேச்சர்தான் நடுக் காயில். கம்பி ஸ்டெபிலைசரில். பைப் உடம்பு. காந்தத்துக்குத்தான் எங்கே போவது?

செப்டம்பர் 11, வியாழன்

கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இரண்டு நாளாக அந்தக் காந்தத்தின் மேலேயேதான் படுத்துத் தூங்கினேன்.

மூன்று வருடம் முன்பு என் நாத்தனார் மயிலாத்தா, என் வீட்டுக்காரருடைய அக்கா, எங்கள் தலையில் ஒரு காந்த மெத்தையைக் கட்டினார். முதுகுவலி போகும், சர்க்கரை இறங்கும், மூட்டு இளகும் என்று. நாங்கள் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் எங்களுக்கும் ஒரு தலையணை இலவசம் என்றார். யாரையும் சேர்க்கவில்லை. முதுகுவலியும் போகவில்லை.

மத்தியானம் தையலைப் பிரித்தேன். உள்ளே பாதித் தீப்பெட்டி அளவில் கறுப்புக் கட்டிகள். நல்ல இழுவை. உடைந்தது, விரிசல் விட்டது போகப் பதினாறு தேறியது. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு எட்டு, சரியாக உட்காரும். மூன்று வருடத்தில் இன்றுதான் அந்த மெத்தை எனக்கு ஒரு நன்மை செய்தது.

செப்டம்பர் 13, சனி

முதலாளியிடம் சொன்னதை வீட்டில் நான் சொல்லவில்லை. கம்பெனியில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

பொழுதோடு வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: "முழு மோட்டாரும் நீயே பூட்டப் போறியாமா?"

"ஆமாங்க."

"அந்த மேஜைக்கு வந்தீன்னா, நான் பூட்டுன மோட்டாரையும் நீதான் குத்தம் பாக்கோணும்."

"குத்தம் இருந்தாத்தானேங்க பாக்கறது."

சாப்பிட்டார், கை கழுவினார், பேப்பரை எடுத்துக்கொண்டார். பேசாமல் இருப்பதில் அவருக்கு மெடல் கொடுக்கலாம். பிடிக்கவில்லை போலிருக்கிறது. பிடிக்காவிட்டால் போகட்டும், எனக்கொன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று எழுதிய பிறகும் அரை மணி நேரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

ஆர்மேச்சர் முடிந்தது. மூன்று நாள். மிக்ஸியில் தலைமுடி மாதிரிக் கம்பி, ஆயிரம் சுற்று. காந்தம் வைத்த மோட்டார் பேட்டரியில்தான் ஓடும், அதற்கு அது ஆகாது; பேட்டரிக்கு இனிமேல்தான் வழி தேட வேண்டும். எல்லாவற்றையும் உருவிப்போட்டு, ஸ்டெபிலைசர் கம்பியைத் தடிமனாகக் குறைந்த சுற்றில் சுற்றினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் தாள் மடித்து வைத்து, கம்பியை இறக்கி, மேலே மூங்கில் சீவலால் அடைத்து, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைத்தேன். சாமான் மிக்ஸியுடையது, கை என்னுடையது. ஒரு கம்பி மேல் இன்னொரு கம்பி ஏறியிருந்தால் சொல்லுங்கள்.

ஒன்றரை வருடம் சும்மா இருந்த விரல். முதல் காயிலுக்குத்தான் தடுமாறியது. இரண்டாவதில் அதுவே வழி கண்டுபிடித்துக்கொண்டது. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

ரசத்தில் உப்புப் போட மறந்தேன். அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

காந்தத்துக்கு வடக்கு தெற்கு பார்த்தாயிற்று. ஒரு கட்டியைத் தையல் நூலில் கட்டி, ஹாலின் நடுவில் தொங்கவிட்டேன். ஆடி ஆடி நின்றதும் வடக்கே பார்த்த முகத்தில் அடையாளம் வைத்தேன். மற்றதெல்லாம் சுலபம். அடையாள முகத்தோடு ஒட்டிக்கொண்டால் அது தெற்கு, தள்ளிக்கொண்டு போனால் வடக்கு.

பேனா இந்தக் கறுப்பில் தெரியவில்லை. என்னுடைய சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை இருந்தது. வடக்கு முகத்துக்கு ஒரு பொட்டு. பதினாறு காந்தத்துக்குப் பதினாறு பொட்டு. பொட்டு வைத்ததும் கட்டிகளுக்கு ஒரு களை வந்துவிட்டது.

செப்டம்பர் 25, வியாழன்

மயிலாத்தா வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "மெத்தையெ எங்க காணோம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "முதுகுவலி சுத்தமாப் போயிருச்சக்கா. அதான் மடிச்சு எடுத்து வெச்சாச்சு."

மயிலாத்தாவுக்கு முகமெல்லாம் பல். "நாஞ் சொன்னன்ல!" என்று இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார். இந்த மனுசன் இத்தனை நன்றாகப் பொய் சொல்வார் என்று இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 27, சனி

பேட்டரி கவலை தீர்ந்தது. அவருடைய ஸ்கூட்டர் பேட்டரி வீக்காகிவிட்டதாம். கழற்றிக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். "வேணும்னா வெச்சுக்க. நான் புதுசு போட்டுக்கறேன், அவசரமில்ல." அதுவரைக்கும் பஸ்ஸில் போவாராம்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, புதுசு மாதிரி. இதைப் போய் வீக் என்கிறார். இத்தனை வருடம் மோட்டார் பூட்டி என்ன, மீட்டர் பார்க்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பசை போடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை அடுக்கிப் பார்த்தேன். ஒரே பக்கத்துக் காந்தங்கள் எல்லாம் ஒரே முகம் காட்டுவதால் ஒன்றையொன்று உதைக்கின்றன. பங்காளிச் சண்டைதான். ஒன்றை வைத்தால் பக்கத்தில் இருப்பது துள்ளி விழுகிறது. நடுவில் நடுவில் துணி கிளிப் செருகி அடக்கினேன். காந்தத்துக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று நுழைகிற இடைவெளி. நுழைத்துப் பார்த்தேன், சுற்றிலும் ஒரே சீராக நுழைந்தது. இதற்குப் பெயர்தான் அலைன்மெண்ட், முதலாளி.

எல்லாம் சரி. திரும்பக் கழற்றி வைத்தேன். புதன் ஆயுத பூஜை. விஜயதசமி அன்றைக்குப் பசை போட்டால் தொட்டது துலங்கும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கம்பெனி பூஜை நேற்றே முடிந்தது. பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறேன். லேத்துக்குப் பொட்டு, டெஸ்டிங் மேஜைக்குப் பொட்டு, லாரிக்கு மாலை. எங்கள் கத்தரிக்கோலை நாங்களே துடைத்துப் பையில் போட்டுக்கொள்வோம். வீட்டிலும் அப்படித்தான். அவருடைய ஸ்பேனர்களும் ஸ்கூட்டரும்தான் ஆயுதம்.

நான் அடுப்படியில் கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். வெளியே தண்ணீர் சத்தம் கேட்டது. எப்போதும்போலக் கழுவுகிறார் என்று விட்டுவிட்டேன். பொரியும் கடலையும் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன்: பலகையில் ஒரு பக்கம் அவருடைய ஸ்பேனர்கள். இன்னொரு பக்கம் என் கத்தரிக்கோல், என் பிளையர், என் மூங்கில் சீவல், ஆர்மேச்சர், இரும்பு பைப். அவற்றுக்கு முன்னால் வாழை இலையில் பதினாறு காந்தமும் நாலு நாலாக, ஒன்றுக்கொன்று தள்ளி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம்.

"உம்பட ஆயுதத்துக்கும் வெக்கோணுமல்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுண்டல் தாளிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். ஏற்கெனவே தாளித்த சுண்டலைத்தான் இன்னொரு தடவை தாளித்தேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நல்ல நேரத்தில் பசை போட்டேன். வலது பக்க எட்டுக்கும் பொட்டு உள்ளே பார்க்க, இடது பக்க எட்டுக்கும் பொட்டு பைப் பக்கம் பார்க்க. என் ஸ்டிக்கருக்கு மேலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பியிருக்கிறார், அடியில் இருப்பது தெரியவே இல்லை. பூஜைப் பொட்டைச் சுரண்டக் கூடாது. அதைவிட்டுச் சுற்றிலும் பசை தடவினேன்.

ஒரு ஆச்சரியம். திங்கட்கிழமை அத்தனை உதைத்த காந்தங்கள் இன்று சாதுவாகிவிட்டன. சிலது தானாகவே பக்கத்தில் இருந்ததோடு போய் ஒட்டிக்கொண்டது. கிளிப் பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. சாமி கும்பிட்டதும் பங்காளிகளுக்குப் புத்தி வந்துவிட்டது.

அக்டோபர் 4, சனி

ஓடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று எழுத மனமில்லை. ஒயரை வைத்ததும் ஆர்மேச்சர் நடுங்குகிறது, கால் சுற்று போகிறது, திரும்பி வருகிறது. கையால் சுற்றிவிட்டாலும் நாலு சுற்றில் நின்றுவிடுகிறது. ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டையில் பொறி பறக்கிறது. இரண்டு நிமிடத்தில் காயில் சுடுகிறது.

காயிலா? என் காயிலா?

இன்று அவருக்கு லீவு. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் ஒரு ஸ்குரூவைத் திருகினால்கூட நாளைக்கு அது அவர் பூட்டிய மோட்டாராகிவிடும்.

அக்டோபர் 6, திங்கள்

முழுக் காயிலையும் உருவிவிட்டு மிச்சமிருந்த கம்பியில் மறுபடி சுற்றினேன். மூன்று நாள் வேலை, காலையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள். விரலில் இரண்டு இடத்தில் தோல் போய்விட்டது. உருவும்போது ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 7, செவ்வாய்

அதே நடுக்கம். அதே பொறி.

"பொம்பளைங்க பூட்டுனதே இல்லையே" என்று தண்டபாணி சொன்னது காதிலேயே நிற்கிறது. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பைப்பைக் குறை சொன்னேன், கார்பனைக் குறை சொன்னேன், கடைசியில் காயிலையே குறை சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "காயில்ல ஏன் போய்த் தேடற? உன்ற காயில்ல குத்தம் இருக்காது."

"ஆமாங்க, பூட்டுனதுலதான் குத்தம். பொம்பளை பூட்டுனதாச்சே!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அவர் சொன்னது கிண்டலாகத்தான் என் காதில் விழுந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் கிண்டல் மாதிரி இல்லை.

அக்டோபர் 8, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அடிப்பக்கத்துக் கார்பன் சரியாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. குனிந்தால் தெரியவில்லை. கீழே ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பின்கட்டில் அவர் சவரம் செய்யும் கண்ணாடி, அவர் உயரத்துக்கு ஆணியடித்து மாட்டியிருக்கும். எனக்கு எட்டாது, நான் அதைப் பார்ப்பதும் இல்லை. ஸ்டூல் போட்டுக் கழற்றினேன்.

கண்ணாடியின் ஓரம் முழுக்கச் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. வரிசையாக. எண்ணினேன். பதினாறு.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூஜைக்குக் கழுவும்போது ஸ்டிக்கரை எல்லாம் உரித்து எடுத்திருக்கிறார். பிறகு எந்த முகம் மேலே இருந்ததோ அதில் சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்திருக்கிறார். நான் வடக்கு என்று நம்பி ஒட்டியதில் பாதி தெற்கு. அன்றைக்குக் காந்தங்கள் சாதுவாகப் போய் ஒட்டிக்கொண்டதே, அது புத்தி வந்ததால் இல்லை. முகம் மாறியதால். காந்தம் என்னிடம் சொல்லியிருக்கிறது. நான்தான் சாமி செயல் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கட்டியை நூலில் கட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம். அவரிடம் வாய் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட இல்லை.

அழ நேரமில்லை. காய்ந்த பசை, இரும்போடு இரும்பாக இருக்கிறது. இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி, தட்டுக்குப் பதில் பைப்பை நிறுத்தி, மூடி, அரை மணி நேரம் ஆவியில் வைத்தேன். பசை இளகியது. கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். இரண்டு உடைந்தது. பதினாறு பதினாலானது. ஒரு பக்கத்துக்கு ஏழு. ஏழு போதும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

நூலில் கட்டி முதலில் இருந்து வடக்கு பார்த்தேன். இந்தத் தடவை நெயில் பாலிஷ்.

ஐந்தரைக்கு அவர் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தார். கண்ணாடியை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதையெல்லாம் யாருங்க இதுல ஒட்டுனது?"

"நான்தான். கழுவறப்ப காந்தத்துல ஒட்டீட்டு இருந்துச்சு. பொட்டெப் போயிக் குப்பையில போட மனசு வருமா? அதான் கண்ணாடில ஒட்டி வெச்சேன்."

"அது வடக்குக்கு நான் வெச்ச அடையாளமுங்க!"

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். எல்லாம் ஓய்ந்த பிறகு, "நான் பிடிச்சுக்கட்டுமா? ரெண்டு கை இருந்தா சீக்கிரம் ஆகும்" என்றார்.

"தொடாதீங்க."

தொடவில்லை. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து, எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, அதே தூரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பசை போட்டேன். காந்தங்கள் ஒன்றையொன்று உதைத்துத் துள்ளின. எல்லாக் கிளிப்பும் தேவைப்பட்டது. கொடியில் காய்ந்த துணியை அவர்தான் எடுத்துப் போட்டுவிட்டுக் கிளிப்பைக் கழற்றி ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார்.

அக்டோபர் 9, வியாழன்

ஓடியது! சாயங்காலம் நாலு இருபதுக்கு ஒயரை வைத்தேன். நடுக்கம் இல்லை, யோசனை இல்லை, பிடித்த பிடியில் சீறிக்கொண்டு கிளம்பியது. கையால் தொட்டுவிடக்கூட வேண்டியிருக்கவில்லை. பம்ப் கூட்டைப் பூட்டி, வாளியில் இருந்து பீரோ மேலே வைத்த குடத்துக்கு டியூப் விட்டேன். குடம் நிரம்பி வழிந்து பீரோவெல்லாம் தண்ணீர். உள்ளே இருந்த பட்டுப்புடவையும் நனைந்தது. நனையட்டும்.

நான் செய்தேன். காயில் மட்டுமில்லை, முழுசும் நான் செய்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கம்பெனி முற்றத்தில் வைத்து ஓட்டினேன். கீழே ஒரு டிரம், பெஞ்சு மேலே ஒரு டிரம். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பியது. முதலில் நாலு பேர் நின்றார்கள். பிறகு டீ நேரம் வந்தது, பாதிக் கம்பெனி வந்துவிட்டது. மெஷினுக்குத் துணையாக மிச்சம் வைத்திருக்கும், காயில் சுற்றுகிற வைண்டிங் பெண்கள் மூன்று பேரும் முன்னால் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மோட்டார் பூட்டுகிற அசெம்பிளி வாசலிலேயே நின்றார்.

மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன காந்தம்?" என்றார். காந்த மெத்தை என்றேன். அவர் வீட்டிலும் ஒன்று இருக்கும் போல, மேலே கேட்கவில்லை.

நாற்பதாவது நிமிடம் கார்பன் பக்கம் லேசாக வாடை வந்தது. மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்தேன். கை வைத்து நிற்க முடிந்தது. கை பொறுத்தால் மோட்டார் பொறுக்கும். பதினொன்று ஐந்து ஆனது. நான் நிறுத்தவில்லை. பதினொன்றே காலுக்கு முதலாளியே, "போதும் அம்மிணி, நிறுத்துங்க, டிரம் வழியுது" என்றார்.

பிறகு மோட்டாரைச் சுற்றி வந்தார். பத்திரிகை அட்டை இடைவெளியைப் பார்த்தார், கையால் சுற்றிப் பார்த்தார். நிமிர்ந்தவர் என்னைக் கேட்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினார்.

"வெள்ளியங்கிரி, இங்க வாப்பா. உள்ளதச் சொல்லு. இது இத்தன சுத்தமாப் பூட்டியிருக்குது. நீ கை வெச்சியா இல்லியா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வெச்சனுங்க."

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு தாட்டி வெச்சனுங்க. ஆயுத பூசைக்குக் கழுவிப் பொட்டு வெச்சேன். வடக்கு தெக்குன்னு அவ போட்டிருந்த அடையாளத்தையெல்லாம் உரிச்சுக் கண்ணாடில ஒட்டிப்போட்டேன். மோட்டாரு ஒரு வாரம் படுத்திருச்சு. இருவத்தாறு வருசமாப் பூட்டறனுங்க, நான் கை வெச்சு ஓடாமப் போன மோட்டாரு இது ஒண்ணுதான். ஓட வெச்சது அவ."

பிறகு முதலில் சிரித்தது வைண்டிங் பெண்கள். அப்புறம் முற்றம் முழுக்க. முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பு. இவர் மட்டும் சிரிக்கவில்லை. காது சிவந்துபோய், பூட்டுகிற கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை பேர் முன்னால் தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட மனுசனை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. இந்த மனுசன் என் வீட்டுக்காரர் என்று அந்த முற்றத்தில் கத்த வேண்டும்போல இருந்தது.

"திங்கக்கெழம வந்துருங்க" என்றார் முதலாளி.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் பேட்டரியை ஸ்கூட்டரில் அவரே திரும்ப மாட்டினார். பட்டனைத் தொட்டதும் கிளம்பியது. "வீக்குன்னீங்களே?" என்றேன். "ரெஸ்ட் குடுத்தா ஏறிக்கும்" என்றார். இரண்டு வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்.

கிளம்பும் முன் ஸ்டூல் போட்டு அவர் கண்ணாடியில் இருந்து ஒரு பொட்டை உரித்தேன். பசை பாதி போயிருந்தது. நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டேன், நின்றது. மிச்சம் பதினைந்து அங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னார்.

மேஜைக்கு வந்த முதல் மோட்டார் ஒரு ஒன்றரை எச்.பி. கழற்றினேன். பேரிங் ஒரு பக்கம் கோணலாக ஏறியிருந்தது. பூட்டியவர் பெயர்: வெள்ளியங்கிரி. அசெம்பிளி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பிறகு உள்ளதை உள்ளபடி சீட்டில் எழுதினேன், சரிசெய்து பூட்டினேன், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மோட்டாருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்: வெ. துளசிமணி.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கு மொதல்ல வந்தது யாரு பூட்டுனது?"

"உங்கபடதுங்க. பேரிங் கோணல்."

"எழுதிட்டியா?"

"எழுதாம?"

முன்னால் கண்ணாடியில் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார்.

வருகிற வருடத்துக்கு எனக்கும் ஒரு டைரி கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மைசூர்பாகையும் விடுவதாக இல்லை.